பெட்டி கட்டுமுன்: ஆர்லாண்டோவில் மழை எத்தனை மணிக்கு?

கோடை விடுமுறை நெருங்கினாலே கடிதங்கள் குவியும், இந்த முறை பெரும்பாலும் மழையைப் பற்றித்தான். ஃபுளோரிடாவின் தீம் பார்க் நகரமான ஆர்லாண்டோவைப் பற்றிய கேள்விகளே பக்கத்தில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டன, சிங்கப்பூர், டொராண்டோ வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

கேள்வி: ஜூலை இரண்டாவது வாரம் ஐந்து நாள் ஆர்லாண்டோ போகிறோம். டிஸ்னி மூன்று நாள், யுனிவர்சல் இரண்டு நாள். ஆறு வயதுப் பையன், பதினொரு வயதுப் பெண், மதுரையிலிருந்து வந்திருக்கும் அத்தை, மாமா, நாங்கள் இருவர். டிக்கெட் எல்லாம் போட்டாயிற்று. இப்போது போனில் வானிலையைத் திறந்தால் பத்து நாளும் இடி மின்னல் படம்தான் வருகிறது. கணவர் ரத்து செய்துவிடலாம் என்கிறார், பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, சார்லட், வட கரோலினா

பதில்: ரத்து செய்யாதீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்படுவதாக இருந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை யாருமே ஆர்லாண்டோ பக்கம் போக முடியாது, ஏனென்றால் அந்த நான்கு மாதமும் எந்த வாரத்தைத் திறந்தாலும் போன் அதே படத்தைத்தான் காட்டும். அறுபது சதவீதம் என்று போட்டிருந்தால் நாளில் அறுபது சதவீத நேரம் மழை பெய்யும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த இடத்தில் அன்றைக்கு மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை அது சொல்லாது. உங்களுக்குத் தேவையோ அந்த மணிதான்.

ஃபுளோரிடாவின் கோடை மழை நம் ஊர் ஐப்பசி அடைமழை மாதிரி நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு பெய்வதில்லை. அது ஒரு தீபகற்பம், கிழக்கே அட்லாண்டிக், மேற்கே மெக்சிகோ வளைகுடா. காலையில் வெயில் ஏறத் தரை சூடாகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை, அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. இரண்டும் நடுவில் எங்கேயோ மோதும்போது ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டு மேகம் கட்டிக்கொள்கிறது. அந்த நடுப்பகுதியில்தான் ஆர்லாண்டோ இருக்கிறது. அதனால் பெரும்பாலான நாட்களில் காலை பளிச்சென்று இருக்கும், ஒரு மணிக்கு மேல் மேகம் திரளும், இரண்டிலிருந்து ஆறுக்குள் இடியோடு ஊற்றும், ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். ஜூலையில் மட்டும் 180 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி இப்படி மத்தியானக் கொட்டலாகத்தான். இன்னொன்று, கிழக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் ஆர்லாண்டோவில் மழை சீக்கிரமே, சில சமயம் மதியத்தை ஒட்டியே, வந்து மேற்கே டாம்பா பக்கம் நகர்ந்துவிடும். மேற்கு, தென்மேற்குக் காற்றாக இருந்தால் மோதல் கிழக்கே தள்ளிப்போய் ஆர்லாண்டோவுக்குச் சாயங்காலத்தில்தான் ஆட்டம். அதனால் காலையில் கிளம்பும்போது போனில் மழைப் படத்தை விட்டுவிட்டுக் காற்று எந்தத் திசையிலிருந்து என்று பாருங்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் ரேடார் படத்தைப் பாருங்கள். அமெரிக்க வானிலைத் துறையின் மெல்பர்ன் (ஆஸ்திரேலியா இல்லை, ஃபுளோரிடாவில் இருப்பது) அலுவலகம்தான் ஆர்லாண்டோவுக்கும் முன்னறிவிப்பு தருகிறது, அவர்கள் எழுதும் அன்றாடக் குறிப்பில் இடி எந்த நேரத்தில், எந்தப் பக்கம் என்பது வரை இருக்கும், இலவசம்தான்.

சரி, இதை வைத்து நாளை எப்படி அடுக்குவது? ரைடுகளை மூடவைப்பது மழை இல்லை, மின்னல். வெறும் தூறலில் பல ரைடுகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்தில் மின்னல் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து வெளியில் இருக்கும் எல்லாம் நிற்கும், பார்க்கில் சொட்டு மழை விழாவிட்டாலும். அதனால் ஒவ்வொரு பார்க்கிலும் உங்கள் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வானம் தெரிகிற ரைடுகள் காலையில், கூரைக்குக் கீழே உள்ளவை மத்தியானம்.

டிஸ்னியின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின், டிரான், டியானாஸ் பேயூ, ஜங்கிள் க்ரூஸ், டம்போ இவையெல்லாம் முதல் பட்டியல். டிரானுக்கு மேலே பெரிய விதானம் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், மின்னலுக்கு அதுவும் நிற்கும். ஸ்பேஸ் மவுன்டன், ஹான்டட் மேன்ஷன், பைரேட்ஸ், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு, பீட்டர் பான் எல்லாம் மத்தியானத்துக்கு. இன்னொரு டிஸ்னி பார்க்கான ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஸ்லிங்க்கி டாக் டாஷ் ஒன்றுதான் முழுக்க வெளியில் ஓடுகிற பெரிய ரைடு, உங்கள் பையன் அதற்குத்தான் அழுவான், அதனால் கதவு திறந்ததும் நேரே அங்கே. ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், ரன்அவே ரயில்வே, டாய் ஸ்டோரி மேனியா மூன்றும் உள்ளே இருப்பவை. டிஸ்னியின் எப்காட் மழைக்கு ஏற்ற பார்க், டெஸ்ட் டிராக் மட்டும் கடைசியில் வெளியே வருவதால் மாட்டிக்கொள்ளும்.

யுனிவர்சலில் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சரை மழையில்லாத காலைக்கு வையுங்கள். ஹாக்ரிட், வெலாசிகோஸ்டர், ஹல்க் மூன்றும் திறந்த வெளி, கூட்டமும் அங்கேதான். பக்கத்து யுனிவர்சல் ஸ்டூடியோஸில் கிரிங்காட்ஸ், மம்மி, மினியன்ஸ் என்று முக்கால்வாசி உள்ளேதான், இரண்டு பார்க்குக்கும் சேர்த்த டிக்கெட் இருந்தால் மழை பிடிக்கும்போது இரண்டுக்கும் இடையே ஓடும் ரயிலேறி மாறிக்கொள்ளலாம். 2025 மே 22-ல் திறந்த எபிக் யுனிவர்ஸ் என்ற யுனிவர்சல் பார்க்கையும் சேர்க்கலாமா என்று யோசித்தால், அங்கே உள்ளே இருக்கும் ரைடுகள் அருமை, ஆனால் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் நடு மைதானத்தில் நிழலும் குறைவு ஒதுங்க இடமும் குறைவு, அத்தை மாமாவோடு ஜூலையில் நான் போகமாட்டேன்.

ஒரு நாளின் ஓட்டம் இப்படி இருந்தால் போதும்: பார்க் திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள் (டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் அரை மணி முன்னதாகவே உள்ளே விடுவார்கள்), பன்னிரண்டு வரை வெளி ரைடுகள், அப்புறம் சாப்பாடு, ஒன்றரைக்கு ஹோட்டலுக்குத் திரும்பித் தூக்கம். ஆமாம், தூக்கம். முப்பத்து மூன்று டிகிரி வெயிலும் வியர்வை காயாத புழுக்கமும் சேர்ந்து மத்தியானத்துக்குள் எல்லோரையும் சுருட்டிவிடும், மழையும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. ஆறு மணிக்குத் திரும்பிப் போனால் நனைந்து அலுத்த பாதிக் கூட்டம் கிளம்பிப் போயிருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், வரிசை குறைந்திருக்கும். பகலில் ஒன்றரை மணி நேரம் நிற்கவைத்த ரைடுக்கு ராத்திரி அரை மணியில் ஏறிவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய. மழை விட்ட அடுத்த நிமிடமே ஓடாதீர்கள், காலி வண்டியை ஓட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் திறப்பார்கள், அதற்கே நேரம் பிடிக்கும்.

கேள்வி: மின்னலால் ரைடை மூடிவிட்டால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவார்களா? வரிசையில் நிற்காமல் சீக்கிரம் ஏறக் காசு கொடுத்து வாங்கும் டிஸ்னியின் லைட்னிங் லேன் பாஸ் வாங்கியிருந்தால்?
— வாசகர், டல்லஸ்

பதில்: டிக்கெட் பணம் வராது, மழைக்காக டிஸ்னியும் தராது, யுனிவர்சலும் தராது. வரவேற்பு மேசையில் சண்டை போட்டு மத்தியானத்தை வீணாக்க வேண்டாம். (பேரே லைட்னிங் லேன், மின்னலுக்கு மூடுகிறார்கள் என்று ஒரு வாசகர் கேலி செய்திருந்தார், அதை அவர்களும் யோசித்திருக்கலாம்.)

லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் வாங்கியிருந்து, உங்களுக்குக் கொடுத்த நேரத்தில் ரைடு நின்றுபோனால், ஆப்பில் அது வேறு சில ரைடுகளுக்கும் செல்லும் பாஸாக மாறிவிடும், பார்க் மூடுவதற்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் எல்லோருடைய பாஸும் அதே நேரத்தில் அப்படி மாறுவதால், உள்ளே இருக்கிற ரைடுகளின் பாஸ் வரிசையும் நீண்டுவிடும். அதனால் முன்பதிவு செய்யும்போதே யோசியுங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பும் மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் நேரம் தேர்ந்தெடுக்கலாம், அப்போது ஸ்லிங்க்கிக்கும் மைன் டிரெயினுக்கும் மூன்று மணி, நான்கு மணி என்று கிடைத்தால் எடுக்காதீர்கள், பதினோரு மணிக்கு முன்பு கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் ராத்திரிக்குத் தள்ளுங்கள். மூன்று மணிக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் கூரை உள்ள ரைடுக்கு எடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. ரைடு எதிலும் ஏறமாட்டார். மழை பெய்தால் இரண்டு மணி நேரம் அவரை எங்கே உட்காரவைப்பது? சாப்பாடும் சுத்த சைவம்.
— வாசகர், அட்லாண்டா

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் தீம் பார்க் என்றதும் எல்லோரும் பிள்ளைகளை மட்டுமே நினைத்துத் திட்டம் போட்டுவிட்டு, பெரியவர்களை ஏதோ ஒரு பெஞ்சில் பையைக் கொடுத்து உட்காரவைத்துவிடுகிறார்கள்.

அம்மாவோடு ஒரே ஒரு பார்க் என்றால் எப்காட். அங்கே தி லேண்ட் என்ற கட்டடம் ஒன்று போதும் மழைக்கு. உள்ளே லிவிங் வித் தி லேண்ட் என்ற படகு, குலுக்கல் கிடையாது, சத்தம் கிடையாது, மெதுவாகப் போய்க் கண்ணாடிப் பசுங்குடில்களுக்குள் நுழையும், மண்ணே இல்லாமல் தொங்கவிட்டு வளர்க்கிற காய்கறிச் செடிகளைப் பார்த்துக்கொண்டே வரலாம், வீட்டில் நாலு தொட்டி வைத்திருக்கிற எந்த அம்மாவும் இரண்டாவது முறை போகலாமா என்றுதான் கேட்பார். அதே கட்டடத்தில் சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை, உட்கார நிறைய மேசை. நீங்கள் பிள்ளைகளோடு அங்கேயே இருக்கும் சோரின் ரைடுக்குப் போய்விட்டு வரலாம். பக்கத்திலேயே தி சீஸ், பெரிய மீன் தொட்டி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். உலக நாடுகள் பகுதியில் தி அமெரிக்கன் அட்வென்சர் சுமார் அரை மணி நேரக் காட்சி, ஏசி அரங்கம், மெத்தென்ற நாற்காலி, கதை புரிந்தாலும் புரியாவிட்டாலும் காலுக்கு ஓய்வு.

மேஜிக் கிங்டமில் என்றால் மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக்கும் கரோசல் ஆஃப் ப்ராக்ரெஸும். கரோசல் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது, அரங்கமே சுற்றும், நீங்கள் நகர வேண்டாம், இருபது நிமிடம் ஓடும். பழைய விஷயம்தான், பதினொரு வயதுக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள், பெரியவர்களுக்குப் பிடிக்கும். அனிமல் கிங்டமில் ஃபெஸ்டிவல் ஆஃப் தி லயன் கிங் உள்ளரங்கம், அரை மணி நேரம். அங்கே சஃபாரி வண்டிக்குக் கூரை உண்டு, இடி ஓய்ந்த பிறகு போனால் வெயிலில் படுத்துக் கிடந்த விலங்குகள் எழுந்து நடமாடும், மழைக்கு அப்புறம் சஃபாரி என்பது தெரிந்தவர்கள் செய்கிற காரியம். காட்சிகள் பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு, போகும் வாரத்தில் ஆப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுக்கத் தயங்கவே வேண்டாம். "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று அம்மா சொல்வார். பத்து, பன்னிரண்டாயிரம் காலடி நடக்கவேண்டிய இடம் என்று சொல்லாமல், பையெல்லாம் வைக்க ஒரு வண்டி வேண்டும் என்று எடுத்துவிடுங்கள், இரண்டு மணிக்கு அவரே உட்கார்ந்துவிடுவார்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை டிஸ்னி பார்க்குக்குள் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப்போகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடு பண்ணித் தரமாட்டார்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்திச் சுருள் தாங்கும். தயிர் சாதத்தை அந்த வெயிலில் ஐஸ் பை இல்லாமல் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். ஒரு நாள் கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜ் பகுதியில் சனா என்ற உணவகம், ‘நான்’ ரொட்டி வகைகளோடு ஒன்பது விதத் தொட்டுக்கை தருவார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நிற்கும், மத்தியான மழையை அங்கே உட்கார்ந்து கழிக்கலாம். முன்பதிவு அவசியம்.

கேள்வி: எங்கள் ஊரில் பள்ளி செப்டம்பரில்தான் திறக்கும். ஆகஸ்ட் கடைசி வாரம் ஆர்லாண்டோ ஹோட்டல் விலை பாதியாகத் தெரிகிறது. ஏன் அவ்வளவு மலிவு? புயல் பயமா?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இரண்டு காரணம். தெற்கு மாநிலங்களில் பள்ளிகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும், ஃபுளோரிடாவில் ஆகஸ்ட் பத்துவாக்கில், அதனால் உள்ளூர்க் கூட்டம் காலி. இன்னொன்று நீங்கள் சொன்னதேதான். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி.

ஆனால் பயத்தை அளவாக வையுங்கள். ஆர்லாண்டோ கடற்கரையில் இல்லை, புயல் அங்கே வரும்போது பெரும்பாலும் கொஞ்சம் வலுவிழந்துதான் வரும். டிஸ்னி புயலுக்காகப் பார்க்குகளை மூடுவது அரிது, ஆனால் நடக்கிறது: 2022-ல் இயான் வந்தபோது செப்டம்பர் 28, 29 இரண்டு நாளும் மூடினார்கள், 2024-ல் மில்டனுக்காக அக்டோபர் 10 மூடினார்கள். இரண்டுமே ஆகஸ்டைத் தாண்டித்தான் என்பதைக் கவனியுங்கள். ஆகஸ்டில் வராது என்று நான் சொல்லவில்லை, அக்டோபரைவிட ஆகஸ்ட் ஆபத்து என்று நினைத்துக் குழம்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் போவேன், மூன்று விஷயத்தைச் சரிசெய்துகொண்டு. ஹோட்டலையும் டிக்கெட்டையும் டிஸ்னியிடமே நேரடியாகப் போடுங்கள். நீங்கள் வந்துசேர வேண்டிய நாளுக்கு ஏழு நாளுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்கோ நீங்கள் வசிக்கும் இடத்துக்கோ தேசியப் புயல் மையம் புயல் எச்சரிக்கை விட்டால், நேரடியாகப் போட்ட பெரும்பாலான அறை, பேக்கேஜ் முன்பதிவுகளை டிஸ்னி தன் பக்கத்து அபராதம் இல்லாமல் தள்ளிப்போடவோ ரத்து செய்யவோ விடுகிறது. முன்கூட்டியே போன் செய்து சொல்ல வேண்டும், பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது. மலிவாகத் தருகிறார்கள் என்று வேறு தளத்தில் போட்டால் இந்த வசதி உங்களுக்கு வராது, அந்தத் தளத்தின் விதிதான். இரண்டாவது, பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் டிக்கெட் போட்ட கையோடு எடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்கு அது செல்லாது, தெரிந்த ஆபத்துக்குக் காப்பீடு கிடையாது என்பார்கள். மூன்றாவது, திரும்பும் விமானத்தைப் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

விமானத்தைப் பற்றி இன்னொன்று: ஆர்லாண்டோவிலிருந்து கிளம்பும் விமானம் காலையிலேயே இருக்கட்டும். ரைடை நிறுத்துகிற அதே மத்தியான மின்னல் விமான நிலையத்தையும் நிறுத்தும், தரையில் வேலை செய்பவர்களை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள், பெட்டி ஏற்ற ஆள் இருக்காது.

கேள்வி: குடையா, ரெயின்கோட்டா? பார்க்கில் விற்பதை வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் போன்சோ. கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் வருபவர் கண்ணுக்கு ஆபத்து, ஸ்ட்ரோலரையும் (குழந்தை தள்ளுவண்டி) தள்ள முடியாது. பார்க்கில் ஒரு போன்சோ பத்து டாலருக்கு மேல், கிளம்புமுன் வீட்டுப் பக்கத்து டாலர் கடையில் வாங்கினால் அந்தக் காசுக்குக் குடும்பத்துக்கே ஆகும். தலைக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை நனைந்து சுருட்டியதை மறுநாள் விரித்தால் நாறும்.

காலணிதான் முக்கியம், அதை யாரும் கேட்பதில்லை. நனைந்த கேன்வாஸ் ஷூவும் நனைந்த சாக்ஸும் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் நடந்தால் கொப்புளம் நிச்சயம், அடுத்த மூன்று நாளும் அதோடுதான். பின்வார் உள்ள ரப்பர் செருப்பு ஒன்று, இல்லையென்றால் பையில் மாற்று சாக்ஸ். போனுக்கு ஜிப் பை. குட்டிப் பிள்ளை இருந்தால் ஸ்ட்ரோலருக்கு மழை உறை, வெயில் அடிக்கும்போதே போட்டுவிட்டு ரைடுக்குப் போங்கள், ஏனென்றால் நீங்கள் உள்ளே இருக்கும் நாற்பது நிமிடத்தில் வெளியே நிறுத்திய ஸ்ட்ரோலர் ஊறிப்போகும், துடைக்கத் துண்டும் அதிலேயே நனைந்து கிடக்கும்.

கேள்வி: மத்தியானம் பார்க்கில் மழை என்றால் ஹோட்டல் நீச்சல் குளத்தில் கழிக்கலாமே? எப்படியும் நனையத்தானே போகிறோம்.
— வாசகி, ராலே

பதில்: இடி கேட்டால் குளத்தையும் மூடிவிடுவார்கள். டைஃபூன் லகூன், வால்கனோ பே மாதிரி தண்ணீர்ப் பூங்காக்களும் அப்படித்தான், அவற்றுக்குக் காலையில் போய் மத்தியானம் கிளம்பிவிடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை வெளியே வரவேண்டாம் என்பது அமெரிக்க வானிலைத் துறையின் விதி, மரத்தடியில் ஒதுங்குவதும் கூடாது. டிஸ்னியின் ஸ்கைலைனர் கேபிள் கார்களும் மின்னலுக்கு நிற்கும், அதை நம்பி ஹோட்டல் எடுத்திருந்தால் அந்த நேரத்தில் பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டும்.

நாளே கெட்டுவிட்டது என்று தோன்றினால், அதாவது காலையிலிருந்தே மூடிக்கொண்டு தூறுகிற அபூர்வ நாளாக இருந்தால், கார் இருப்பவர்கள் கென்னடி விண்வெளி மையத்துக்குப் போய்விடலாம், கிழக்கே சுமார் ஒரு மணி நேரம். 33 முறை விண்வெளிக்குப் போய்வந்த அட்லாண்டிஸ் விண்ணோடமே அங்கே கட்டடத்துக்குள் சாய்த்து உயர்த்தி நிறுத்தியிருக்கிறது, மூக்குக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம்.

கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம், மே மாத விடுமுறை. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு நாள். அங்கேயும் மழைக்காலமா?
— வாசகர், திருச்சி

பதில்: சிங்கப்பூரில் மழைக்காலம் இல்லாத காலம் எது என்று கேட்கலாம். உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் அதுவும் ஒன்று. ஏப்ரல், மே இரண்டு பருவக்காற்றுக்கு இடைப்பட்ட காலம், மழை பெரும்பாலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும்தான், ஆர்லாண்டோவுக்குச் சொன்ன அதே கணக்கு பொருந்தும்: காலையில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா, மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் மம்மியும். ஜூனுக்குத் தள்ளினால் கதை மாறும், சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரிசையாகக் காற்றும் மழையும் அடித்துக்கொண்டு வந்து காலையைக் கெடுத்துவிட்டுப் பகலில் ஓய்கிற நாட்கள் உண்டு. தவிர அவர்களுக்கு மே கடைசியிலிருந்து பள்ளி விடுமுறை, கூட்டம் நெரியும். மே முதல் மூன்று வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பார்க் சின்னது, ஒரு நாள் தாராளமாகப் போதும். நுழைந்ததும் வரும் ஹாலிவுட் தெரு முழுக்கப் பெரிய கூரை இருக்கிறது, ஒதுங்க இடம் உண்டு. மழை விடவே இல்லையென்றால் பக்கத்திலேயே ஓஷனேரியம் என்ற மீன் காட்சியகம், 2025-ல் பெரிதாக்கித் திறந்தது, முழுக்க உள்ளே. விவோசிட்டி மாலிலிருந்து பார்க் இருக்கும் செந்தோசா தீவுக்கு மோனோரயிலில் வந்தால் நனைய வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். பிள்ளைகளைக் கனடாஸ் வொண்டர்லாண்டுக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளிக்கிட்டால் மழை எண்டு நிக்க வேண்டியிருக்கு. எந்த மாதம் நல்லது?
— வாசகர், ஸ்காபரோ, டொராண்டோ

பதில்: மாதத்தைத் தேடாதீர்கள், கிழமையை மாற்றுங்கள். டொராண்டோவில் ஜூலை மழை ஆர்லாண்டோவில் பெய்வதில் பாதிகூடக் கிடையாது, ஆனால் அது மணி பார்த்து வருவதில்லை. குளிர்காற்று முகம் ஒன்று மேற்கிலிருந்து நகர்ந்து வரும்போது கூடவே மழையும் வரும், அது காலையிலும் வரலாம், ராத்திரியிலும் வரலாம். ஆனால் ஒரு நல்லது, இரண்டு மூன்று நாள் முன்பே ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார்கள். அது கடந்துபோன மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி, புழுக்கமும் குறைந்திருக்கும், அன்றைக்குப் போங்கள், வேலைநாளாக இருந்தால் ஒரு நாள் லீவு போட்டாவது.

வொண்டர்லாண்டில் லெவியதன், பிஹீமத், யூகான் ஸ்ட்ரைக்கர் என்று பேர்பெற்ற எல்லாமே வெளியில்தான், கூரைக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை, அதனால் இடிமழை என்றால் அங்கே காத்திருந்து பயனில்லை. நீங்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு நாள் டிக்கெட் எடுப்பதுதான் பிரச்சினை. சீசன் பாஸ் எடுத்துவிடுங்கள். மழை வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அடுத்த வாரம் வரலாம், காசு போச்சே என்று நனைந்துகொண்டு நிற்க வேண்டாம். வெறும் தூறல் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்றைக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், அந்தக் காலையில் பாதிப்பேர் வரமாட்டார்கள், லெவியதனில் திரும்பத் திரும்ப ஏறலாம், ஜாக்கெட் மட்டும் மறக்க வேண்டாம்.